காட்சியும் சாட்சியும்: கண்காணிப்புக் கேமராவின் பிரிதிறன் குறித்து ஒரு விளக்கம்

முன்னுரை

போடிநாயக்கனூருக்கு மேற்கே, கொட்டகுடி ஆறு மலையை விட்டு இறங்கும் பகுதியில் அமைந்த சிற்றூர் குரங்கணி. ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழித் தொட்டிகளில் இந்த அடிவாரத்திற்கு இறங்கியது. பின் வண்டிகளில் போடி சென்று, தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தது. இன்று இம்மலைச் சரிவுகளின் செல்வம் ஏலமும் காப்பியும் மிளகும் ஆகும். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியில் நடைபெறும் மின்னணு ஏலத்தில் விலைபோகும் ஏலக்காய், ஒரு சாக்கு மூட்டையிலேயே ஓர் எளிய குடும்பத்தின் பல மாத வருவாயை அடக்கிக்கொண்டிருப்பது.

விலை உயர்ந்த பொருள் இருக்குமிடத்தில் காவலும் இருந்தாக வேண்டும். முன்பு இராக்காவலரும் அரிக்கேன் விளக்கும் நாயும் செய்த பணியில் இன்று கண்காணிப்புக் கேமராவும் சேர்ந்துகொண்டது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர், கிட்டங்கி, கடைவீதி, வழிபாட்டிடம், கல்லூரி வாயில் என அது நுழையாத இடம் இல்லை. அதனை வாங்கச் செல்வோர் முதலில் கேட்கும் கேள்வி, “எத்தனை மெகாபிக்சல்?” என்பதாகும். உண்மையில் அது இரண்டாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி. “இந்தக் கேமரா எனக்கு எதைச் சொல்ல வேண்டும்?” என்பதே முதற் கேள்வி. இம்முறைமையைத் தக்க கணக்குகளோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கேள்வி வெறும் வணிகக் கேள்வி அன்று. 2016ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் காலையில், சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்நிலையத்தில் அப்போது கேமரா இல்லை. அருகிலிருந்த தெருக்களின் கேமராக்களில் ஓர் உருவம் பதிவாகியிருந்தது. ஆயினும் முகம் தெளிவாக இல்லை. காட்சி கிடைத்தது; சாட்சி கிடைக்கவில்லை. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவைத்தான் பிரிதிறன் என்னும் சொல் குறிக்கிறது.

பிரிதிறன் என்பது யாது?

கேமரா தரும் படம் நுண்ணிய சதுரப் புள்ளிகளால் ஆனது. பிக்சல் எனப்படும் இப்புள்ளிகள் கிடைமட்டத்தில் எத்தனை, செங்குத்தில் எத்தனை என்பதே படத்தின் பிரிதிறன். முற்காலப் பதிவுக் கருவிகள் பல, 352க்கு 288 என்ற அளவில், அதாவது ஏறத்தாழ ஒரு இலட்சம் புள்ளிகளில் படத்தைச் சேமித்தன. இன்று 2 மெகாபிக்சல் என விற்கப்படுவது 1920க்கு 1080. ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள். 4 மெகாபிக்சல் என்பது 2560க்கு 1440. ‘4கே’ எனவும் 8 மெகாபிக்சல் எனவும் வழங்குவது 3840க்கு 2160. ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள்.

இங்கு ஒரு மயக்கத்தைத் தொடக்கத்திலேயே நீக்கிக்கொள்ள வேண்டும். 2 மெகாபிக்சலை விட 8 மெகாபிக்சல் நான்கு மடங்கு என்று எண்ணி, நான்கு மடங்கு தொலைவிலுள்ள முகமும் தெரியும் எனப் பலர் கருதுகின்றனர். புள்ளிகளின் மொத்த எண்ணிக்கைதான் நான்கு மடங்கு. குறுக்காக எண்ணினால் 1920 என்பது 3840 ஆகி இருமடங்கே ஆகிறது. எனவே ஒரு கேமராவில் 5 மீட்டரில் தெளிந்த முகம், நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட கேமராவில் 10 மீட்டர் வரை தெளியும். 20 மீட்டர் வரை அன்று.

நம் வாசலில் இடும் புள்ளிக்கோலம் இதற்கு நல்ல உவமை. இருபது புள்ளிகளை ஒரு சிறு முற்றத்தில் இட்டால் அவை நெருங்கி நிற்கும்; அதே இருபது புள்ளிகளைத் தெரு முழுவதும் பரப்பினால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே ஆள் நடந்து போகலாம். கேமராவும் அவ்வாறே. தன்னிடமுள்ள புள்ளிகளை எவ்வளவு அகலமான இடத்தின்மீது பரப்புகிறது என்பதே தெளிவைத் தீர்மானிக்கிறது. ஆகவே கேட்கவேண்டியது மொத்தப் புள்ளிகள் எத்தனை என்பதன்று. ஒரு மீட்டருக்குப் புள்ளிகள் எத்தனை என்பதே.

ஒரு மீட்டருக்கு எத்தனை புள்ளிகள்?

இதற்கு உலகளாவிய அளவுகோல் ஒன்று உண்டு. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 2014இல் வெளியிட்ட 62676 என்னும் தர வரிசையின் நான்காம் பகுதி, காட்சியின் பயனைப் படிநிலைகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டருக்கு வேண்டிய புள்ளிகளைத் தந்தது. கேமரா விற்பனைக் குறிப்பேடுகளில் பெரிதும் காணப்படுவன இவ்வளவுகளே. அவற்றுள் முதன்மையானவை வருமாறு:

25 புள்ளிகள்: யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஒன்று இருக்கிறது என்று அறிதல்.

62 புள்ளிகள்: அவர் என்ன செய்கிறார், எத்தகைய உடை அணிந்துள்ளார் என்று நோக்குதல்.

125 புள்ளிகள்: முன்பே நமக்குப் பழக்கமான ஒருவரை, “இவர் இன்னார்” என்று உணர்தல்.

250 புள்ளிகள்: முன்பின் அறியாத ஒருவரை ஐயத்திற்கு இடமின்றி அடையாளங் காணல்.

1000 புள்ளிகள்: எழுத்து, எண், சிறு பொருள் ஆகியவற்றை நுணுகி ஆராய்தல்.

மனித முகத்தின் அகலம் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். மீட்டருக்கு 250 புள்ளிகள் எனில் முகத்தின் குறுக்கே 40 புள்ளிகள் விழும். 125 எனில் 20. 62 எனில் பத்து. 25 எனில் நான்கே புள்ளிகள். நான்கு புள்ளிகளுக்குள் இரு கண்களையும் ஒரு மூக்கையும் எவ்வாறு அடக்குவது? திரைப்படங்களில் மங்கிய படத்தைப் பெரிதாக்கியவுடன் முகம் பளிச்சென்று தெரிவதாகக் காட்டுவர். மெய்யுலகில் பெரிதாக்குவதால் புள்ளி பெரிதாகுமே அன்றிப் புதிய புள்ளி பிறக்காது. பதிவாகும்போது இல்லாத செய்தியைப் பின்னர் எந்தக் கருவியும் உண்மையாக மீட்டுத் தர இயலாது. கணினி ஊகித்து வரைந்து தரும் முகம் ஓவியமே, சான்று ஆகாது.

லென்ஸும் ஒரு வகுத்தல் கணக்கும்

கேமரா எவ்வளவு அகலத்தைக் காண்கிறது என்பது லென்ஸைப் பொறுத்தது. லென்ஸின் மில்லிமீட்டர் அளவு சிறிதானால் காட்சி விரியும். பெரிதானால் காட்சி குறுகி, தொலைவிலுள்ளது அருகில் வரும். பரவலாக விற்கும் கேமராக்களில் ஒளியை வாங்கும் சில்லின் அகலம் ஏறத்தாழ 5.4 மில்லிமீட்டர். தொலைவை 5.4ஆல் பெருக்கி, லென்ஸ் அளவால் வகுத்தால், அத்தொலைவில் காட்சியின் அகலம் கிடைக்கும். புள்ளிகளின் கிடைமட்ட எண்ணிக்கையை அந்த அகலத்தால் வகுத்தால் மீட்டருக்கான புள்ளிகள் கிடைக்கும். பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய கணக்கு இது.

பத்து மீட்டர் தொலைவை எடுத்துக்கொள்வோம். கடைகளில் பெரும்பாலும் தரப்படும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸில் காட்சியின் அகலம் ஏறத்தாழ 19 மீட்டர். 2 மெகாபிக்சல் கேமராவானால் மீட்டருக்கு ஏறத்தாழ 100 புள்ளிகள். பழகியவரைக்கூட உறுதியாகச் சொல்ல இயலாது. அதனை மாற்றி விலை மிகுந்த 8 மெகாபிக்சல் கேமராவை வைத்தாலும் ஏறத்தாழ 200 புள்ளிகளே கிடைக்கும். அடையாளங் காண்பதற்குரிய 250ஐ அது எட்டவில்லை. ஆனால் அதே பழைய 2 மெகாபிக்சல் கேமராவில் 12 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால் காட்சியின் அகலம் 4.5 மீட்டராகக் குறுகி, மீட்டருக்கு 427 புள்ளிகள் கிடைக்கின்றன. அகலத்தைத் துறந்தமையால் தெளிவு பிறந்தது.

இதனையே மறுதலையாகவும் கூறலாம். 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்ட 2 மெகாபிக்சல் கேமரா, அறியாத முகத்தை அடையாளங் காட்டுவது நான்கு மீட்டர் வரை. 8 மெகாபிக்சல் கேமரா எட்டு மீட்டர் வரை. இது நல்ல ஒளியில், நேர்முகமாக, அசையாது நிற்பவருக்குரிய கணக்கு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

சென்னை மாநகரக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்னும் பெயரில், பொதுமக்கள் துணையோடு 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்ற இலக்குடன் நகரெங்கும் கேமராக்களை அமைத்தது பலரும் அறிந்ததே. இத்தகைய முயற்சியை ஓர் ஊரில் நாம் மேற்கொள்வதாயின், இக்கணக்கை மறத்தலாகாது. ஒவ்வொரு கேமராவும் தன் இருபுறமும் 25 மீட்டர் வரை காணவேண்டும் எனக் கொண்டால், 2.8 மில்லிமீட்டர் லென்ஸும் 2 மெகாபிக்சலும் 25 மீட்டரில் தருவது மீட்டருக்கு 40 புள்ளிகள். ஆள் நடமாட்டம் தெரியும்; ஆள் தெரியாது. எனவே தெருவின் நீளம் முழுவதையும் காணும் கேமராக்களோடு, தெருமுனையில் குறுகிய இடத்தைக் கூர்ந்து நோக்கும் கேமரா ஒன்றும் வேண்டும்.

குரங்கணியில் ஐந்து கேள்விகள்

குரங்கணியையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, வெவ்வேறு கேள்விகளுக்கு வெவ்வேறு பிரிதிறன் எவ்வாறு பொருந்தும் என்று காண்போம்.

முதலாவது, காட்டு வழியின் நுழைவாயில். 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்றோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரத்தை இப்பகுதி மறவாது. அத்தகைய வாயிலில் கேமரா விடை சொல்லவேண்டிய கேள்வி, “மேலே சென்றோர் எத்தனை பேர், திரும்பியோர் எத்தனை பேர்?” என்பது. காட்சியின் அகலம் 10 மீட்டர் எனில், 2 மெகாபிக்சலில் மீட்டருக்கு 192 புள்ளிகள். எண்ணுவதற்கும், குழுவிலுள்ளவரை உடன் வந்தவர் இனங்காட்டுவதற்கும் இது போதும். இங்கு 8 மெகாபிக்சல் வீண் செலவே.

இரண்டாவது, சாலை வளைவு. இரவில் மூட்டையேற்றிச் சென்ற வண்டி எது என்பது கேள்வி. இருசக்கர வண்டியின் பின்புற எண் பலகை 20 சென்டிமீட்டர் அகலமே உடையது. அதில் ‘டிஎன் 60’ எனத் தேனி மாவட்டக் குறியீடு ஒரு வரியிலும், பிற எழுத்தும் எண்ணும் மறுவரியிலும் இருக்கும். மீட்டருக்கு 250 புள்ளிகள் எனில் ஆறு குறிகள் கொண்ட வரிக்கு 50 புள்ளிகளே விழும். 3ம் 8ம் ஒன்றாகத் தோன்றும். ஏறத்தாழ 500 புள்ளிகள் வேண்டும். 2 மெகாபிக்சல் கேமராவாயின் காட்சியின் அகலத்தை 4 மீட்டருக்குள் அடக்கினால் இது கைகூடும். எனினும் புள்ளி மட்டும் போதாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. கேமராவின் ஒளித்திறப்பு நேரம் ஒரு நொடியில் 25இல் ஒரு பங்கானால், அதற்குள் வண்டி 44 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், எண் கோடாகிவிடும். 500இல் ஒரு பங்காக்கினால் நகர்வு 2 சென்டிமீட்டர் அளவே. அவ்வளவு குறைந்த நேரத்திற்கு ஈடாக அங்கு விளக்கு வேண்டும்.

மூன்றாவது, ஏலக்காய் ஸ்டோரின் கதவு. “கதவைத் திறந்தவர் யார்?” என்பது கேள்வி. கதவு ஒரு மீட்டர் அகலம். சுற்றிலும் சேர்த்து மூன்று மீட்டர் காட்சி போதும். 2 மெகாபிக்சலில் மீட்டருக்கு 640 புள்ளிகள்; முகத்தின் குறுக்கே நூறு புள்ளிகள். ஆனால் பலர் கேமராவைக் கூரையின் உச்சியில் பொருத்துகின்றனர். அங்கிருந்து பார்த்தால் தலைப்பாகையும் குளிர் தொப்பியும் தெரியுமே தவிர முகம் தெரியாது. கைக்கெட்டாத உயரமாகவும், முகத்தை ஏறக்குறைய நேராகக் காணும் உயரமாகவும் இருப்பதற்கு எட்டடி அளவு பொருந்தும்.

நான்காவது, எடை போடுமிடம். தராசின் எண்ணைப் படிக்க வேண்டும் என்பது கேள்வி. இங்கு மீட்டருக்கு 1000 புள்ளிகள் வேண்டும். காட்சியின் அகலத்தை 1.9 மீட்டராகக் குறுக்கினால் 2 மெகாபிக்சல் கேமராவே இதனைத் தரும். எடையிலும் கூலியிலும் எழும் வழக்குகளுக்கு இக்கேமரா முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒருசேரச் சாட்சியாகும்.

ஐந்தாவது, தோட்டத்தின் காட்டோர எல்லை. யானையோ காட்டெருமையோ வருகிறதா என்பது கேள்வி. இங்கு முகமும் எண்ணும் தேவையில்லை. உடல் வெப்பத்தைக் காணும் கேமராக்களின் பிரிதிறன் 640க்கு 512 என்ற அளவினதாகவோ அதனினும் குறைந்தோ இருக்கும். ஆயினும் இருளில் அவை ‘4கே’ கேமராவை வெல்லும். கோவை மாவட்டம் மதுக்கரையில், ரயில் பாதையில் யானைகள் அடிபடுவதைத் தடுக்க வனத்துறை 2024 பிப்ரவரியில் தொடங்கிய அமைப்பில், 12 கோபுரங்களில் வெப்பக் கேமராக்களும் சாதாரணக் கேமராக்களும் பொருத்தப்பட்டு, யானை வருவதைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் உணர்ந்து எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. குறைந்த பிரிதிறனும் தக்க இடத்தில் உயிர் காக்கும் என்பதற்கு அது சான்று.

ஐந்து கேள்விகள், ஐந்து விடைகள். “எல்லா இடத்திற்கும் எட்டு மெகாபிக்சல்” என்பது ஐந்தனுள் ஒன்றுக்கும் பொருந்திய விடை அன்று.

இருளும் மூடுபனியும்

களவு பெரும்பாலும் இரவில் நிகழ்வது. அவ்விரவில்தான் மிகுபுள்ளிக் கேமராக்கள் தடுமாறுகின்றன. ஒரே அளவுள்ள சில்லில் 20 இலட்சம் புள்ளிகளுக்குப் பதில் 83 இலட்சம் புள்ளிகளை அடக்கினால், ஒவ்வொரு புள்ளியின் பரப்பும் நான்கில் ஒரு பங்காகிறது. அது வாங்கும் ஒளியும் நான்கில் ஒரு பங்கே. அகன்ற வாயுள்ள பானையில் மழைநீர் விரைந்து நிறையும். குறுகிய வாயுள்ள குப்பியில் நிறையாது. ஒளி போதாத புள்ளி, படத்தில் மணல் தூவியது போன்ற இரைச்சலைத் தருகிறது. ஆகவே விளக்கில்லாத இடத்திற்குப் பெரிய சில்லுடைய, குறைந்த புள்ளிகள் கொண்ட கேமரா பெரும்பாலும் சிறந்தது. கேமராவின் விலையில் ஒரு பகுதியைக் கொண்டு வாசலில் ஒரு விளக்கு வைப்பது அதனினும் சிறந்தது.

மலைச் சரிவுகளில் மற்றுமோர் இடர் மூடுபனி. இரவுக் கேமராக்கள் தம்மிடமுள்ள அகச்சிவப்பு விளக்கைக் கொண்டு காண்கின்றன. அவ்வொளி பனித்துளிகளிலும் சாரலிலும் பட்டு நேரே கேமராவின் கண்ணுக்கே திரும்புவதால், படம் வெண்திரை போலாகிவிடுகிறது. மூடுபனியில் வண்டியின் விளக்கை மேல்நோக்கி எரியவிட்டால் சாலை மறைவதை மலைப்பாதை ஓட்டுநர் அனைவரும் அறிவர். இதற்கும் மருந்து புள்ளிகளைக் கூட்டுவது அன்று. விளக்கைக் கேமராவை விட்டுத் தள்ளி வேறு பக்கத்தில் வைப்பதும், காணவேண்டிய இடத்திற்கு அருகே கேமராவைக் கொண்டுசெல்வதும் ஆகும்.

தெளிவும் நாட்களும்

புள்ளிகள் மிகுந்தால் சேமிக்க இடமும் மிகுதியாக வேண்டும். நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் பதிவாகும் கேமரா, ஒரு நாளில் 10.8 ஜிகாபைட் இடத்தை எடுத்துக்கொள்ளும். இன்றைய சுருக்க முறையில் 2 மெகாபிக்சல் கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்றும், 8 மெகாபிக்சல் கேமராவுக்கு 8 மெகாபிட் என்றும் கொள்வோம். எட்டுக் கேமராக்கள் உள்ள ஒரு தோட்டத்தில், ஒரு டெராபைட் வன்தட்டில் முன்னது ஏறத்தாழ ஆறு நாட்களின் பதிவை வைத்திருக்கும். பின்னது ஒன்றரை நாள் அளவே வைத்திருக்கும். அதன்பின் பழைய பதிவின்மேல் புதிய பதிவு எழுதப்படும்.

கிட்டங்கியில் மூட்டை குறைந்தது பல வேளைகளில் அன்றே தெரிவதில்லை. ஏலத்திற்கு அனுப்ப எடை போடும்போதுதான் தெரிகிறது. அதற்குள் பதினைந்து நாட்கள் கடந்திருக்கலாம். அழிந்துபோன தெளிவான படத்தைவிட, எஞ்சியிருக்கும் போதுமான படமே பயனுடையது. எனவே எத்தனை நாட்களுக்குப் பதிவு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ப வன்தட்டையும் பிரிதிறனையும் தேர்ந்துகொள்ள வேண்டும்.

பதிவு நிலைத்திருத்தலின் அருமையைத் தமிழகம் ஒரு துயர நிகழ்வில் உணர்ந்தது. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளம் காவல் நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்த நிகழ்வில், விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு அறிக்கை அளித்தார். நிலையத்துக் கேமராப் பதிவுக் கருவியின் வன்தட்டில் போதிய இடம் இருந்தும், பதிவுகள் நாள்தோறும் தாமே அழியுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது என்று அவ்வறிக்கை கூறியது. கேமரா இருந்தது, கண் இருந்தது, நினைவு இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், பஞ்சாப் மாநில வழக்கொன்றில் உச்சநீதிமன்றம், நாடெங்கும் காவல் நிலையங்களில் இரவிலும் காணவல்ல, ஒலியும் பதிவுசெய்யும் கேமராக்களை அமைக்குமாறும், பதிவுகளைப் பதினெட்டு மாதங்கள், அது இயலாதவிடத்துக் குறைந்தது ஓராண்டு காக்குமாறும் ஆணையிட்டது.

வாங்குவோர் கருத்திற்கு

மேற்கண்டவற்றோடு நடைமுறையில் கவனிக்கத்தக்கன சில உள்ளன. கேமராவின் பிரிதிறன் ஒன்றாகவும், பதிவுக் கருவியின் பிரிதிறன் வேறாகவும் இருப்பதுண்டு. ‘1080என்’ எனக் குறிக்கப்பட்ட பதிவுக் கருவி, கிடைமட்டத்தில் 1920 புள்ளிகளுக்குப் பதில் 960 புள்ளிகளையே சேமிக்கும். பாதித் தெளிவு அங்கேயே கரைந்துவிடும். அடுத்து, கைப்பேசியில் தெரியும் நேரலை பெரும்பாலும் குறைந்த பிரிதிறன் கொண்ட துணைப்படமே. அதைக்கொண்டு கேமராவின் தரத்தை மதிப்பிடலாகாது. வன்தட்டில் பதிந்த படத்தை எடுத்துப் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும்.

சோதிக்கும் முறை எளியது. கேமரா பொருத்திய அன்றிரவே, விளக்கணைத்த நிலையில், ஒருவரை ஸ்டோர் கதவு வரை இயல்பாக நடந்துவரச் செய்க. மறுநாள் அப்பதிவை அவரை அறியாத ஒருவரிடம் காட்டி, நால்வர் நடுவே நிறுத்தி, “இவருள் யார்?” என்று கேட்க. அவர் தயங்காது சுட்டினால் கேமரா தக்கது. தயங்கினால் லென்ஸையோ இடத்தையோ விளக்கையோ மாற்றுக.

காட்சி சாட்சியாகும்போது

நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவு சான்றாவதற்குச் சட்டம் நெறி வகுத்துள்ளது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் இடத்தை ஏற்றுள்ளது. உரிய சான்றிதழோடு பதிவு அளிக்கப்பட வேண்டும். வாட்ஸ்அப் வழியே அனுப்பப்பட்ட படம் சுருங்கிப் புள்ளிகளை இழந்தது. எனவே மூலப் பதிவை அப்படியே படியெடுத்துக் காத்தல் வேண்டும். கருவியின் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று மாதந்தோறும் பார்த்தலும் வேண்டும்.

ஆயினும் சட்டத்தினும் மேலானது நம் மனச்சான்று. தெளிவற்ற படம் குற்றவாளியைக் காட்டாது. ஆனால் யாரைச் சந்தேகிக்க விரும்புகிறோமோ அவரைக் காட்டிவிடும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் பகுதியில் 2020 ஜனவரியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர், மனைவி மக்கள் காண வீட்டு வாயிலில் கைது செய்யப்பட்டு, ஏறத்தாழ முப்பது மணி நேரம் காவலில் வைக்கப்பட்டார். கடையொன்றின் கேமராவில் பதிந்த மங்கிய படத்தை முகமறியும் கணினிக்குக் கொடுத்தபோது, அது அவர் பெயரைத் தந்ததே காரணம். அவர் குற்றமற்றவர். கணினியே இவ்வாறு பிழைபடுமாயின், கோபத்தில் இருக்கும் மனிதர் எவ்வளவு பிழைபடுவர்!

மலைத்தோட்டங்களில் நாட்கூலிக்குச் செல்வோர் எளியவர். ஒரே நிறக் குளிராடையும் ஒரே வகைத் தலைக்கட்டும் அணிந்தவர். மீட்டருக்கு 40 புள்ளிகள் உள்ள படத்தில் ஒருவரைப்போல் மற்றவர் தோன்றுவர். அப்படத்தைக் காட்டி, “இது நீதானே?” என்று ஒருவரைக் கேட்பது, அவருடைய வேலையையும் மானத்தையும் ஒருசேரப் பறிப்பதாகும். ஆகவே ஒரு நெறியை நாம் வகுத்துக்கொள்ளலாம்: 250 புள்ளிகளுக்குக் குறைந்த படத்தைக்கொண்டு அறியாத எவரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுதல் கூடாது. அப்படம் எந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்லும். அதற்குமேல் சொல்ல அதற்கு உரிமை இல்லை.

தெளிவான கேமராவுக்கும் எல்லை உண்டு. 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. அண்டை வீட்டின் சன்னலும், தொழிலாளர் குடியிருப்பின் முற்றமும், பெண்கள் ஓய்வறையும் எந்தக் கேமராவின் காட்சிக்குள்ளும் வருதல் ஆகாது. பிரிதிறன் மிகுமளவுக்கு இப்பொறுப்பும் மிகும்.

நிறைவுரை

திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு தெளிந்த பின்னரே ஏற்க வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் கருத்துகளுள் ஒன்று. கேமரா நம் காலத்து ஒற்றன். பரந்த இடத்தைக் காணும் ஒரு கேமரா, குறுகிய வாயிலைக் கூர்ந்து காணும் மற்றொரு கேமரா என இரண்டும் ஒத்துச் சொல்வதே நம்பத்தக்கது. அவ்வதிகாரத்திற்கு முன்பாக, 58ஆவதாக வள்ளுவர் வைத்தது கண்ணோட்டம் என்பதும் எண்ணத்தக்கது.

எதை அறிய வேண்டும் எனத் தெளிக. அவ்விடத்தின் அகலத்தை அளக்க. புள்ளிகளை அகலத்தால் வகுக்க. இரவையும் பனியையும் நாட்களையும் கணக்கிற் கொள்க. அதன்பின் கடைக்குச் சென்று, “எத்தனை மெகாபிக்சல்?” என்று கேட்க. அப்போது விடையை விற்பவர் சொல்லவேண்டிய தேவை இராது, வாங்குபவரே அறிந்திருப்பார்.